சுடப்பட்ட சாட்சி

2024 ஜூலை 14. ஆண்டின் பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு. தண்டையார்பேட்டையில் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்த எங்களில் சிலர், வழக்கம்போல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடையில் கூடினோம். மறையுரை நீண்டுவிட்டதைப் பற்றிய பேச்சுக்கு அன்று இடமில்லை. ஒன்பது நாட்களுக்கு முன்னர், ஜூலை 5 மாலையில், பெரம்பூரில் தம் வீட்டருகே பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். அவ்வழக்கில் பிடிபட்டு விசாரணைக் காவலில் இருந்தவர்களுள் ஒருவர், அன்று விடியற்காலையில் மாதவரத்திற்கு அருகே காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்ற செய்தி எங்களுக்கு முன்பே கடைக்கு வந்து சேர்ந்திருந்தது.

துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் முதலில் வாய் திறந்தார். “போட்டுட்டாங்க வாத்தியாரே! நல்லா செஞ்சாங்க. இப்படி நாலு பேரைப் போட்டாத்தான் மத்தவன் அடங்குவான்.” குவளை பாதி காலியாவதற்குள் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்: “ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இவனுங்களை அனுப்பினவன் பேரு வெளிய வரக்கூடாதுன்னு யாரோ முடிவு பண்ணிட்டாங்க. எல்லாம் சதி.”

இரண்டு கூற்றுகளும் ஒரே நாவிலிருந்து, ஐந்து நிமிட இடைவெளியில் வந்தன. சுட்டது நன்று என்பது ஒன்று. சுட்டது சதி என்பது மற்றொன்று. இரண்டிற்கும் இடையே முரண் இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, கேட்டுத் தலையசைத்த எங்களுக்கும் தோன்றவில்லை. அன்று தொடங்கிய யோசனையே இக்கட்டுரை. நான் சட்டம் பயின்றவன் அல்லன். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். கதைகளைப் படித்து, அவை எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றன என்று மாணவர்க்கு எடுத்துரைத்தவன். எனவே இதனையும் கதைகளைப் பற்றிய ஒரு விமரிசனமாகவே எழுதுகிறேன்.

அன்றைய முதல் வாசகம் ஆமோஸ் ஆகமத்தின் ஏழாம் அதிகாரத்திலிருந்து வாசிக்கப்பட்டது. பெத்தேலின் குருவாகிய அமட்சியா, இறைவாக்கினரை நாட்டைவிட்டு ஓடிப்போகச் சொல்லும் பகுதி அது. வழிபாட்டில் 12ஆம் வசனத்தில் தொடங்கிவிடுகிறோம். வீட்டிற்குச் சென்று இரண்டு வசனம் பின்னோக்கிப் படித்தேன். அமட்சியா அதற்கு முன் அரசனுக்கு ஆளனுப்பி, ஆமோஸ் உமக்கு எதிராகச் சதி செய்கிறான் என்று குற்றஞ்சாட்டியிருக்கிறான். ‘சதி’ என்னும் சொல் எத்துணைப் பழமையானது! அரண்மனையும் அதைச் சொல்கிறது, தேநீர்க் கடையும் அதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே பொருளில் சொல்கின்றனவா என்பதே கேள்வி.

முதலில் அந்தக் காலைச் செய்தியையே ஒரு கதையாகப் படித்துப் பார்ப்போம். கைதானவர், ஒளித்து வைத்த ஆயுதத்தைக் காட்டுவதற்காக விடியும் முன்னர் ஓரிடத்திற்கு அழைத்துச் செல்லப்படுகிறார். வழியில் தப்பி ஓடுகிறார். மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் காவலரை நோக்கிச் சுடுகிறார். காவல்துறையினர் தற்காப்புக்காகத் திருப்பிச் சுடுகின்றனர். குண்டடி பட்டவர் இறந்துவிடுகிறார். இச்செய்தி பொய் என்று சாதிக்க நான் வரவில்லை. என் குறை வேறு. இதே கதையை, துப்பாக்கிக்குப் பதில் கத்தியும், மாதவரத்திற்குப் பதில் வேறோர் ஊரும் வைத்து, எத்தனை முறை படித்திருக்கிறோம்! நாட்டுப்புறக் கதைகளில் மாறா வாய்பாடு ஒன்று உண்டு என்று வகுப்பில் சொல்லுவோம். ஏழு கடல், ஏழு மலை, கிளியின் உடலில் உயிர் என்று கேட்டவுடனே குழந்தை அடுத்த அடியைச் சொல்லிவிடும். என்கவுண்டர் செய்தியும் அவ்வாறே ஆகிவிட்டது. நேரம் எப்போதும் அதிகாலை. இடம் எப்போதும் ஆள் நடமாட்டம் இல்லாத இடம். கதையில் பேசுபவர் ஒரு தரப்பினர் மட்டுமே. மறு தரப்பு முடிவில் பேச முடியாத நிலையை அடைந்திருக்கும்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், உண்மையாகவே அவ்வாறு நிகழ்ந்த ஒரு நாளிலும் கேட்பவர் நம்பமாட்டார். நம்பாதவர் சும்மா இருப்பதுமில்லை. தமக்கென வேறொரு கதையைப் புனைந்துகொள்கிறார். அன்று எங்கள் கடையில் அரை மணி நேரத்தில் மூன்று கதைகள் பிறந்தன. மூன்றிலும் சதிகாரர் வெவ்வேறு. சான்று எதிலும் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்னரே, ஜூலை 7 அன்று, அஞ்சலி செலுத்தச் சென்னை வந்த மாயாவதி, பிடிபட்டவர்கள் உண்மைக் குற்றவாளிகள் அல்லர் என்று கூறி மத்தியப் புலனாய்வு கேட்டிருந்தார். அரசியல் தலைவர் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. மனுப் போடலாம், நீதிமன்றம் செல்லலாம். எங்களைப் போன்றோர்க்கு இருப்பது தேநீர்க் கடை மட்டுமே.

இந்த வாய்பாட்டை நாம் எங்கே கற்றோம்? காவல் நிலையத்தில் அன்று, திரையரங்கில். 2020இல் மூடப்பட்ட எங்கள் அகஸ்தியா திரையரங்கை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. இப்பகுதியின் இரண்டு தலைமுறைகளுக்குக் கதை கேட்கும் திண்ணை அது. அதைப் போன்ற வடசென்னைத் திரையரங்கு ஒன்றில்தான் 2003இல் ‘சாமி’யைப் பார்த்தேன். அதே ஆண்டில் ‘காக்க காக்க’வும் வந்தது. சென்னையின் ரவுடிக் கும்பல்களைச் சுட்டு ஒழிக்க அமைந்த தனிப்படையின் துயரையும் காதலையும் ‘காக்க காக்க’ நேர்த்தியாகச் சொன்னது. சுடுபவரின் மனத்திற்குள் நம்மை அமர்த்திவிட்டதால், சுடப்படுபவர் யாரென்று கேட்க நமக்குத் தோன்றவே இல்லை. ஆனால் என் கவனத்தை இன்றும் பிடித்து வைத்திருப்பது ‘சாமி’யின் முடிவுதான். கதாநாயகனான காவல் அதிகாரி, ஊரை ஆட்டிவைத்த பெரும்புள்ளியைச் செங்கற்சூளையில் கொன்று, உடலும் கிடைக்காதபடி செய்துவிட்டு, அவன் தலைமறைவாகிவிட்டான் என்று உலகுக்கு அறிவிக்கிறான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன், மறைப்பதற்கில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், ‘ஜெய் பீம்’ வந்தது. கடலூர் மாவட்டத்தில் 1993இல் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கை, அதனை நடத்திய வழக்கறிஞர் சந்துருவின் பணியோடு சேர்த்துச் சொன்ன படம். அதிலும் காவல்துறையினர் ஒரு கதை சொல்கின்றனர்: அவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள் என்று. அந்தப் பொய்யை ஆட்கொணர்வு மனுவின் வழியே வழக்கறிஞர் இழை இழையாகப் பிரிக்கும்போது நாம் கண்ணீர் விட்டோம்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ‘சாமி’யின் காவலன் சொல்வதும், ‘ஜெய் பீம்’ காவலர் சொல்வதும் ஒரே பொய்தான்: ஆள் ஓடிவிட்டான். ஒன்றிற்குக் கைதட்டல், மற்றதற்குக் கண்ணீர். நடுவில் மாறியது என்ன? கொல்லப்பட்டவன் நல்லவனா கெட்டவனா என்று இயக்குநர் நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டார் என்பது மட்டுமே. திரையில் நாம் கடவுளின் இருக்கையில் அமர்ந்து பார்க்கிறோம். எவன் உள்ளம் எத்தகையது என்று காட்சி காட்சியாகக் காண்கிறோம். தெருவில் அந்த இருக்கை யாருக்கும் இல்லை. காவல் நிலையத்திலும் இல்லை. நீதிமன்றத்திலும் இல்லை; ஆனால் இல்லை என்பதை அறிந்து, அதற்கேற்ப விதிகளை வகுத்துக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

வெற்றிமாறனின் ‘விசாரணை’ இவ்வகையில் தனித்து நிற்கிறது. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் நம் அரங்குகளுக்கு வந்தது. அவ்வாண்டின் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வு பெற்றது. கோவை ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார், 1980களில் குண்டூர்க் காவல் நிலையத்தில் தாம் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நூலே அதன் முற்பாதிக்கு அடித்தளம். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி, பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்களை அடிக்கும் காட்சிகளைப் பார்க்க முடியாமல் என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். பலரும் அந்த அடிகளையே படத்தின் சாரமாகப் பேசினர். எனக்குப் பிற்பாதியே முக்கியமாகப் படுகிறது. சென்னையில் ஒரு காவல் நிலையம். பெரிய மனிதர்களின் கணக்குகளை அறிந்த ஒரு தணிக்கையாளர், காவலில் விசாரிக்கப்படும்போது இறந்துபோகிறார். அதற்குச் சாட்சிகளாக அந்த ஏழைத் தொழிலாளர்கள் அங்கே இருந்துவிடுகிறார்கள். அவர்களைச் சித்திரவதை செய்ய இப்போது யாருக்கும் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு கதை. அதிகாரிகள் அமர்ந்து, எங்கே, எப்படி, என்ன காரணம் என்று பேசி முடிவு செய்கிறார்கள். ஆசிரியர் குழுக் கூட்டம் போல் இருக்கிறது அது! அவர்களுள் மனச்சாட்சி உள்ள ஒருவர், சமுத்திரக்கனி ஏற்ற பாத்திரம், தயங்குகிறார்; அவருடைய தயக்கமும் அந்தக் கதைக்குள் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டுவிடுகிறது.

நாளை காலை நாம் தேநீர்க் கடையில் வாசிக்கப்போகும் செய்தி எழுதப்படுவதை அப்படம் நமக்குக் காட்டியது. அதனால்தான் அது நமக்கு உகந்த படமாக இல்லை. ஒரு குறையும் சொல்ல வேண்டும். எல்லா அதிகாரிகளும் ஒரே பொறியின் பற்சக்கரங்கள் என்னும் அதன் பார்வை, பார்ப்பவரை வேறொரு பக்கம் தள்ளிவிடக்கூடும்: எல்லாமே ஏற்பாடு, எதையும் நம்பாதே என்னும் பக்கம். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்த நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், நீதித்துறை நடுவர் முன்னிலையில் தாம் கண்டதைச் சொன்னார். பொறிக்குள்ளிருந்தே ஒரு சக்கரம் சுழல மறுத்தது. நம் திரைப்படம் இன்னும் அந்தப் பெண்ணுக்குரிய இடத்தைக் கண்டுகொள்ளவில்லை.

இனி ‘சதி’க்கு வருவோம். நம் குற்றவியல் சட்டத்தில் சதி என்பது வசைச்சொல் அன்று; வரையறை உள்ள குற்றம். 1913இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 120-அ, 120-ஆ என்ற பிரிவுகளாகச் சேர்க்கப்பட்டது. பெரம்பூர்க் கொலைக்கு நான்கு நாட்களுக்கு முன்னர், 2024 ஜூலை 1 அன்று, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது 61ஆம் பிரிவாக எண் மாறியது. இரண்டு பேரோ, மேற்பட்டவரோ ஒரு குற்றத்தைச் செய்ய உடன்பட்டனர் என்று மெய்ப்பிக்க வேண்டும். உடன்பாடு இருட்டில் நடப்பது; எழுத்தில் இராது. ஆகவே சட்டம் ஒரு வழியை வைத்திருக்கிறது. உடந்தையாயிருந்த ஒருவருக்கு மன்னிப்பு அளித்து, உண்மை முழுவதையும் சொல்லும் சாட்சியாக அவரை மாற்றிக்கொள்ளலாம். அப்ரூவர் என்று ஊரார் சொல்வது இவரைத்தான். கூலிக்குக் கொலை செய்தவரைத் தவிர, கூலி கொடுத்தவரைப் பற்றிச் சொல்லக்கூடியவர் வேறு யார்? அத்தகைய வழக்கில் பிடிபட்டவர் வெறும் குற்றவாளி அல்லர், முதல் சாட்சி. அவர் இறந்துபோனால், சதியை மெய்ப்பிக்கும் ஒரு கதவு சாத்தப்படுகிறது. சட்டத்தின் சதி அங்கே நலிகிறது. தேநீர்க் கடையின் சதி அங்கே தளிர்க்கிறது. என் கிரேன் நண்பர் இரண்டு வாக்கியங்களில் சொன்னவை முரண்பட்டவை அல்ல என்பதை நான் தாமதமாகவே விளங்கிக்கொண்டேன். முதலாவதைக் கைதட்டி வரவேற்றதால்தான் இரண்டாவது அவருக்குத் தேவைப்பட்டது.

சதி வழக்கு என்றவுடன் நம் தாத்தாக்களுக்கு ஒரே வழக்குதான் நினைவுக்கு வரும். ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய ஏடுகளில் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சதிக் குற்றச்சாட்டில் கைதாயினர். அப்ரூவர் சாட்சியத்தையும் உள்ளடக்கி வழக்கு நடந்தது. 1945இல் ஆயுள் தண்டனை. பிராட்வே திரையரங்கில் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் பாடிக்கொண்டிருந்தவர் அப்போது சிறையில் இருந்தார். பின்னர் இலண்டனில் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு சென்று, வழக்கை உயர்நீதிமன்றம் மீண்டும் கேட்கும்படி ஆணை பிறந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர்.

அந்தத் தண்டனையும் தவறாக வழங்கப்பட்டதுதான். நீதிமன்றம் பிழை செய்யாத இடம் என்று யார் சொன்னார்? பாகவதரின் கலைவாழ்வு அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் பிழை தாளில் இருந்தது. சாட்சிகள் சொன்னது, குறுக்கு விசாரணையில் தடுமாறியது, நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துரைத்தது எல்லாம் எழுத்தில் இருந்தமையால், கடல் கடந்து ஆறாயிரம் மைல் தொலைவில் அமர்ந்தவர்களும் அவற்றைப் படித்துத் தவறு கண்டுபிடிக்க முடிந்தது. கொன்றது யார் என்னும் ஊர்ப்பேச்சு எண்பது ஆண்டுகளாக ஓயவில்லை என்பது மெய். அதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: அந்த ஊர்ப்பேச்சால் எவரும் சாகவில்லை.

நம் காலத்திலும் சான்று இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அன்று நாட்டின் பெரும்பான்மை மனநிலை என்னவென்று நமக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. எஞ்சியவர்களுள் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வுபெற்ற பின் 2013இல், மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். இவை எல்லாம் நிகழ்வதற்கு அவர்கள் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நான் சொன்னபோது நண்பர் என்னை விடவில்லை. “சார், நீங்க புத்தகத்துல படிக்கிறீங்க. காசிமேட்டுல ஐஸ் விக்கிறவன்கிட்ட மாமூல் கேக்கிறானே, அவன் மேல பதினஞ்சு கேஸு. ஒண்ணுல தண்டனை வாங்குனானா?” அவர் கேட்டது நியாயம். சாட்சி சொல்லப் போனவர் வாய்தாவுக்கு வாய்தா அலைகிறார். இரண்டாம் ஆண்டில் மிரட்டப்படுகிறார். மூன்றாம் ஆண்டில் பிறழ்கிறார். ஜாமீனில் வந்தவர் அதே தெருவில் பிறந்தநாள் சுவரொட்டி ஒட்டுகிறார். இந்த அலுப்பிலிருந்தே கைதட்டல் பிறக்கிறது என்பதை மறுப்பவர் எங்கள் பகுதியில் வாழாதவர். வடசென்னை என்றாலே கத்தி என்று திரைப்படம் கற்பித்ததும், வாகனச் சோதனையில் ‘தண்டையார்பேட்டை’ என்று முகவரி சொன்னவுடன் எங்கள் பிள்ளைகளிடம் மட்டும் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்கப்படுவதும் தனிக்கதை. ஆனால் அந்தக் கூடுதல் கேள்விகளைச் சந்திக்கும் பிள்ளைகளின் தந்தையரே என்கவுண்டருக்குக் கைதட்டுவதுதான் எனக்குப் புரியவில்லை. விசாரணையின்றிச் சுடலாம் என்று ஒப்புக்கொண்டால், யாரைச் சுடலாம் என்று முடிவு செய்பவர் நம் முகவரியையும் பார்ப்பார் அல்லவா? 2022 ஜூனில் பக்கத்துக் கொடுங்கையூர்க் காவல் நிலையத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஒருவர் இறந்தார். அதற்கு எங்கள் கடையில் யாரும் கைதட்டவில்லை. யாரும் நெடுநேரம் பேசவும் இல்லை.

பெரம்பூர்க் கொலைக்கு மூன்றாம் நாள் மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். புதியவர் பொறுப்பேற்றவுடன், ரவுடிகளுக்குப் புரியும் மொழியிலேயே பதில் சொல்லப்படும் என்ற பொருள்படப் பேசியது நாளிதழ்களில் வந்தது. தமிழாசிரியனான எனக்கு அந்த ‘மொழி’ உறுத்தியது. ஜூலை 14இல் முதல் மரணம். செப்டம்பர் 18இல் வியாசர்பாடியில் ஒருவர். செப்டம்பர் 23இல் நீலாங்கரைப் பக்கம் இன்னொருவர். பத்து வாரத்தில் மூவர். இத்தகைய சாவுகளில் வழக்குப் பதிய வேண்டும், சம்பந்தப்படாத வேறு குழு புலனாய்வு செய்ய வேண்டும், நடுவர் விசாரணை நடைபெற வேண்டும், சுட்டவர்க்கு உடனடியாகப் பதக்கமோ பதவி உயர்வோ கூடாது என்று 16 நெறிமுறைகளை உச்சநீதிமன்றம் வகுத்தது 2014 செப்டம்பர் 23 அன்று. மூன்றாவது மரணம் அத்தீர்ப்பின் பத்தாம் ஆண்டு நிறைவு நாளிலேயே நிகழ்ந்தது. யாரும் திட்டமிட்டது அன்று. யாருக்கும் நினைவிருந்திராது என்பதே வருத்தம். ஆம்ஸ்ட்ராங் வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றுவது பற்றிய வாதம் 2025இல் உயர்நீதிமன்றத்தையும் உச்சநீதிமன்றத்தையும் எட்டியது.

அந்தச் செப்டம்பர் முடிந்து இரண்டு வாரத்தில், அக்டோபர் 10 அன்று, ‘வேட்டையன்’ வெளிவந்தது. ‘ஜெய் பீம்’ தந்த ஞானவேலின் படம், நடித்தவரோ ரஜினிகாந்த். என்கவுண்டருக்குப் பெயர்பெற்ற அதிகாரி, ஆசிரியை ஒருத்தியைக் கொடுமைப்படுத்திக் கொன்றதாகக் கருதப்பட்ட இளைஞனை, மக்கள் கொந்தளிப்பின் நடுவே சுட்டுவிடுகிறார். பின்னர், அமிதாப் பச்சன் ஏற்ற நீதிபதியின் வாயிலாக, அவன் நிரபராதி என்று தெரியவருகிறது. பெரும் நட்சத்திரத்தின் துப்பாக்கியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதற்கு இயக்குநரைப் பாராட்டத்தான் வேண்டும். 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே நான்கு பேர் சுடப்பட்டபோது காவலர்மீது மக்கள் மலர் தூவியதும், ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையிலான ஆணையம், கொல்லும் நோக்கத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்றும் அவர்களுள் மூவர் சிறார் என்றும் அறிக்கை தந்ததும் படம் பார்க்கும்போது நினைவுக்கு வந்தன.

ஆயினும் என் மனநிறைவு முழுமையானது அன்று. அதே அதிகாரி படத்தின் தொடக்கத்தில் போதைப்பொருள் கும்பலைச் சேர்ந்த ஒருவனைச் சுடுகிறார். அங்கே இசை முழங்குகிறது, அரங்கம் அதிர்கிறது. அந்தச் சாவைப் பற்றிப் படம் பிறகு எங்கும் வருந்தவில்லை, ஏனெனில் அவன் கெட்டவன் என்று நமக்குத் தெரியும். ஆக, படம் எழுப்பும் வினா ‘விசாரணையின்றிக் கொல்லலாமா?’ என்பது அன்று, ‘ஆள் மாறிப்போனால்?’ என்பது மட்டுமே. எளிய வினாவை எடுத்துக்கொண்டு கடினமான வினாவைத் தொடாமல் விட்டுவிட்டது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று எழுதச் செய்தபோது, நிரபராதிகள் தூக்கிலிடப்படக்கூடும் என்பதை மட்டும் அதற்குக் காரணமாக்கவில்லை. குற்றம் செய்தவரும் தம் மாண்பை இழப்பதில்லை என்பதையே முதலில் வைத்தார். முழு விசாரணைக்குப் பின்னும் அரசு உயிரைப் பறிக்கக்கூடாது என்று கற்பிக்கப்பட்ட நாம், விசாரணையே இல்லாமல் பறிக்கப்படும் உயிருக்கு ஆலய வாசலில் நின்று கைதட்டுகிறோம். நான் யாரையும் குறைகூறும் தகுதியில் இல்லை. 2003இல் தட்டிய கைகள் என்னுடையவையும்தான்.

சென்ற ஆண்டு எங்கள் இளைஞர்கள் ஆலயக் கூடத்தில் ‘வேட்டையன்’ படத்தைத் திரையிட்டுக் கலந்துரையாடல் வைத்தனர். என்னைத் தலைமை தாங்க அழைத்திருந்தனர்; கிரேன் நண்பரும் வந்திருந்தார். பையன்கள் பாடல்களைப் பற்றிப் பேசினர். பிறகு செவிலியர் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் எழுந்து, “அந்தப் பையன் நிஜமாவே தப்பு செஞ்சிருந்தா, சுட்டது சரியா அங்கிள்?” என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நண்பரைப் பார்த்துக் கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். “அப்ப அவன்கிட்ட கேக்க வேண்டியது நெறைய இருந்திருக்குமேம்மா” என்றார். பையன்களில் இருவர் அதை ஏற்கவில்லை, வாதம் நீண்டது. ஒன்பதரை மணிக்குக் கூடத்தைப் பூட்ட வந்த கோவில்பிள்ளை, சாவியோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.